கெம்போங்குக்குத் தமிழில் என்ன? கடல்மீனை எண்ணத் தொடங்கிய வரலாறு

போன தவணையில் படிவம் இரண்டு மாணவர்களுக்குக் ‘காலைச் சந்தையில் ஒரு மணி நேரம்’ என்று ஒரு வருணனைக் கட்டுரை கொடுத்திருந்தேன். காய்கறிக் கடை வரைக்கும் எல்லாரும் நன்றாகத்தான் எழுதினார்கள். மீன் கடைக்கு வந்ததும் மாட்டிக்கொண்டார்கள். “டீச்சர், கெம்போங்குக்குத் தமிழ்ல என்ன?” என்று ஒரு மாணவி கேட்டாள். ‘கானாங்கெளுத்தி’ என்று பலகையில் எழுதினேன். ஒரே சிரிப்பு. பின்வரிசையில் ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய அப்பா லோரியில் மீன் ஏற்றிக்கொண்டு ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் விற்பவர். “கெளுத்தின்னா மீசை இருக்கணும் டீச்சர். கெம்போங்குக்கு ஏது மீசை?” என்றான்.

நியாயமான கேள்வி. அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதைத் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது. மொழிப்பாடத்துக்கு இது எதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துப் படித்துப் பாருங்கள்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். கெம்போங்கின் அறிவியல் பெயர் ரஸ்ட்ரெல்லிகர் கனகூர்த்தா. முதல் பாதி லத்தீன். ‘சிறு வாரியைத் தாங்கியது’ என்று பொருள். இந்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே சீப்புப் பல் மாதிரி நீளமான முள்வரிசை இருக்கும். வாயைத் திறந்தபடி நீந்திக் கடல்நீரை அந்தச் சீப்பில் வடிகட்டி, கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களைத் தின்கிறது. இரண்டாம் பாதியான கனகூர்த்தா லத்தீன் இல்லை. அது விசாகப்பட்டினத்து மீனவர்கள் சொன்ன தெலுங்குப் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய பேட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர், அந்தக் கரையில் கிடைத்த 200 மீன்களைப் படத்தோடு தொகுத்து 1803-இல் லண்டனில் வெளியிட்டார். ஒவ்வொரு மீனுக்கும் உள்ளூர்ப் பெயரைக் கேட்டு எழுதிவைத்தார். பாரிஸிலிருந்த குவியே 1816-இல் அந்தப் பெயரை அப்படியே எடுத்து அறிவியல் பெயராக்கினார். கனகூர்த்தா, கானாங்கெளுத்தி: இரண்டையும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். மீசை இல்லாத கெளுத்தியைப் பற்றி நான் மாணவனுக்குச் சொன்ன பதிலும் அதுதான்.

தமிழும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் கோட்டை இருந்த காலத்தில், கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியார் அங்கே வாழ்ந்தார். கரையில் கிடைத்த மீன்களைச் சேர்த்து, பெர்லினில் இருந்த மருத்துவர் புளொக்குக்கு அனுப்பிவைத்தார். கத்தாளை மீன் வகை ஒன்றுக்கு 1793-இல் புளொக் வைத்த ‘ஜோனியஸ்’ என்ற பெயர் இந்த ஜானை நினைத்து வைத்ததுதான். மலாய்க்காரர்கள் ஈக்கான் செபெலா என்று அழைக்கும் தட்டையான மீன் ஒன்று நம்மூர் மீன்கடையிலும் கிடக்கும். அதன் பெயர் செட்டோட்ஸ் எருமெய். 1801-இல் அச்சேறிய பெயர். எருமை என்பது நம் எருமையேதான்! தரங்கம்பாடி மீனவர்கள் அதை ‘எருமை நாக்கு’ என்றார்கள்; வடிவத்தைப் பார்த்தால் காரணம் புரியும். இன்றைக்கு உலகில் எந்த நாட்டு விஞ்ஞானி அந்த மீனைப் பற்றி எழுதினாலும் எருமையைச் சொல்லாமல் எழுத முடியாது. ஜானின் பெயர் நிலைத்தது, புளொக்கின் பெயர் நிலைத்தது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்த மீனவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஆனால் பெயர் வைப்பது வேறு, எண்ணுவது வேறு. ‘இது என்ன மீன்?’ என்று கேட்டு நூறு ஆண்டுகள் ஓடிய பிறகுதான் ‘கடலில் இது எவ்வளவு இருக்கிறது? ஏன் ஒரு வருஷம் கொட்டுகிறது, இன்னொரு வருஷம் காணாமல் போகிறது?’ என்ற கேள்வி வந்தது. கேட்க வைத்தது அறிவுப்பசி மட்டுமல்ல, நஷ்டமும்தான்.

அன்றைய சென்னை மாகாணத்தில் மலபார் கரையும் சேர்ந்திருந்தது. அங்கே மத்தி என்ற சாளை மீன் சில ஆண்டுகளில் மலையாகக் குவியும். தின்று தீராமல் எண்ணெய் எடுப்பார்கள், தென்னைக்கு உரமாகப் போடுவார்கள். சில ஆண்டுகளில் வலை காலியாகத் திரும்பும். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் 1905 முதல் மாகாணத்து மீன்வளத்தை ஆராய்ந்தார். அவருடைய முயற்சியில் 1907-இல் தனி மீன்வளத் துறை உருவானது. 1920-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹார்னெலும் எம். ராமசாமி நாயுடுவும் மத்தியின் வாழ்க்கையை முறையாக ஆராய்ந்து எழுதினார்கள். எப்போது சினை பிடிக்கிறது, எதைத் தின்கிறது, எத்தனை மாதத்தில் எவ்வளவு வளர்கிறது என்பதெல்லாம் அதில் வந்தது.

இதே கேள்வியோடு ஐரோப்பாவிலும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நார்வே நாட்டு யோஹான் ஹியோர்ட் 1914-இல் எழுதிய ஆய்வு இத்துறையின் போக்கையே மாற்றியது. மரத்தின் வளையம் போல மீனின் செதிலிலும் ஆண்டு வளையம் உண்டு. குளிர்காலத்தில் வளர்ச்சி மந்தமாவதால் கோடு நெருங்கிவிடும். ஹெர்ரிங் மீனின் செதில்களை எண்ணியபோது ஒரு விஷயம் தெரிந்தது. 1904-இல் பிறந்த மீன்களே அதன்பின் பல ஆண்டுகள் வலையை நிறைத்தன. மற்ற ஆண்டுகளில் பிறந்தவை சொற்பம். அதாவது ஒரு மீன் எத்தனை லட்சம் முட்டை போட்டாலும், பொரித்த முதல் சில வாரங்களில் குஞ்சுக்கு இரை கிடைத்ததா, நீரோட்டம் எங்கே இழுத்துச் சென்றது என்பதில்தான் அந்தத் தலைமுறையின் தலையெழுத்து இருக்கிறது. நல்ல வருஷத்தில் பிறந்த கூட்டம் ஒன்று பல வருஷங்களுக்குச் சோறு போடும்.

நம்மூர்க் கடலில் குளிர்காலம் கிடையாது, வளையமும் தெளிவாக விழாது. அதனால் இங்கே நீளத்தை அளந்து கணக்குப் போடுவது வழக்கம். இதை வகுப்பில் செய்து பார்த்தோம். அந்தப் பையனின் அப்பா இருபது கெம்போங் கொடுத்தனுப்பினார். கோலை வைத்து அளந்து, ஒரே நீளமுள்ள மீன்களுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகையில் கட்டம் போட்டோம். பெரும்பாலானவை 17, 18 சென்டிமீட்டரில் கூடி ஒரு மேடு போல எழுந்தன. “இதெல்லாம் ஒரே சமயத்துல பொறந்ததுங்களா டீச்சர்?” என்று கேட்டார்கள். இருக்கலாம், ஆனால் இருபதை வைத்துச் சொல்லக்கூடாது என்றேன். மாதாமாதம் ஆயிரக்கணக்கில் அளந்தால் அந்த மேடு மெல்ல வலப்பக்கம் நகரும். நகரும் வேகம்தான் வளரும் வேகம். (மீன் வாடை மூன்று நாள் வகுப்பை விட்டுப் போகவில்லை. இதைச் செய்ய நினைப்பவர்கள் அறிவியல் கூடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.)

மத்திக் கதைக்குத் திரும்புவோம். 1940-களில் மத்தி அறவே குறைந்துபோனது. சென்னை மீன்வளத் துறையின் டி. டபிள்யூ. தேவநேசன் 1943-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். மத்தியின் வயது, முட்டை, முட்டையிடும் இடம் மூன்றையும் அதில் விவரித்தார். குஞ்சையும் சினை மீனையும் வாரிக்கொண்டு வருவதே காரணம் என்பது அவருடைய கட்சி. அரசு சட்டம் போட்டது. சிறிய மத்தியைப் பிடிக்கக்கூடாது, சில வகை வலைகள் கூடாது என்றது. போர்க்காலம், பஞ்சகாலம். சாப்பாட்டுக்கே வழியில்லாதவனிடம் போய் ‘இது சின்ன மீன், கடலில் விடு’ என்றால் எடுபடுமா? சில ஆண்டுகளிலேயே சட்டத்தைக் கைவிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் கடலின் பக்கமும் பார்த்தார்கள். ஆர். வி. நாயரும் ஆர். சுப்பிரமணியனும் 1955-இல், ஃபிராகிலாரியா ஓஷியானிக்கா என்ற நுண்ணிய மிதவைப் பாசி பெருகும் காலமும் மத்தி பெருகும் காலமும் ஒத்துப்போவதாக எழுதினார்கள். பருவமழை, அடிநீர் மேலெழுவது, பாசி, பிறகு மீன் என்று ஒன்றைப் பிடித்து ஒன்று வருகிறது. வலை ஒரு காரணம். வலை மட்டுமே காரணம் அல்ல.

இதற்கிடையில் 1947 பிப்ரவரி 3-இல் இந்தியாவின் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் இருந்தது. 1949-இல் இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் முகாமுக்குப் போனது. மண்டபம் முகாம் என்றதும் எனக்கு ஒரு சின்னத் திடுக்கிடல். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களைத் தடுத்து நிறுத்தி, தலை எண்ணி, நோய் பார்த்து, கப்பலேற்றிய இடம் அது. நம் முன்னோர்களுக்கு மண்டபம் இல்லை. ஆவடியும் நாகப்பட்டினமும்தான் மலாயாவுக்கான முகாம்கள். எண்ணப்பட்ட விதம் ஒன்றுதான். ஆளை எண்ணிய ஊரில் பிறகு மீனை எண்ணினார்கள். 1950-களில் என். கே. பணிக்கரும் அவருக்குப் பின் எஸ். ஜோன்ஸும் அங்கே தலைமை தாங்கினார்கள். 1971-இல் தலைமையகம் கொச்சிக்கு மாறியது.

இத்தனை நீளக் கரையில் இறங்கும் மீனை எப்படி எண்ணுவது? ஒவ்வொரு படகுக்கும் ஓர் ஆளை நிறுத்த முடியாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. இது அதே சமையல்தான். ஆனால் கடல் என்ற பானையில் ஒரு பக்கம் வெந்திருக்கும், ஒரு பக்கம் வேகாது. ஆகவே கரையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில துறைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அங்கே சில நாட்கள், அந்த நாட்களில் சில படகுகள் என்று பதம் பார்த்துப் பெருக்கினார்கள். மண்டபத்தில் உருவான இந்த முறை இன்னும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது.

நம் நாட்டுக் கடலுக்கு வருவோம். ஆஸ்திரேலியரான டேவிட் ஸ்டெட் பிரிட்டிஷ் மலாயாவின் மீன்பிடிப்பைச் சுற்றிப் பார்த்து 1923-இல் ஒரு பொது அறிக்கை கொடுத்தார். 1926-இல் ‘தொங்கோல்’ என்ற நீராவி இழுவைக் கப்பலை வைத்துச் சோதனை பார்த்தார்கள். கட்டுபடியாகாது என்று விட்டுவிட்டார்கள். அந்த முடிவு கடலுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் மூச்சு விடக் கொடுத்தது என்பது என் எண்ணம். 1957-இல் பினாங்கில் மீன்வள ஆராய்ச்சிக் கழகம் வந்தது. டி. பத்தன்சாலி என்ற ஆய்வாளர் வடமேற்குக் கரையின் கெம்போங்கைப் பற்றியும், நம் சார் குவேதியாவில் விழும் கெராங்கைப் பற்றியும் எழுதிய குறிப்புகள் அந்தக் காலத்தவை. கடைக்காரர் ‘பெலாலிங்’ என்றும் ‘போரேக்’ என்றும் பிரித்துச் சொல்வாரே, அவை விஞ்ஞானிக்கும் இரண்டு தனி இனங்கள்தான்.

1960-களில் இழுவை வலை வந்தது. பிறகு நடந்ததைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். கரையோரச் சிறு மீனவர்களுக்கும் இழுவைப் படகுகளுக்கும் சண்டை, படகெரிப்பு, உயிர்ச்சேதம். இன்று கரையிலிருந்து முதல் 5 கடல் மைலில் இழுவைப் படகு கூடாது. இழுவை வலையின் வால்பையில் கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சிறியது தப்பட்டும், வளர்ந்து ஒருமுறையாவது முட்டை போடட்டும் என்பது இந்த விதியின் நியாயம். கெம்போங்குக்கு அது பொருந்தும். ஆனால் மலாக்காவுக்கென்றே பேர்போன ஒரு மீனுக்கு இந்த நியாயம் தலைகீழ்.

அது தெருபுக். நான்காம் படிவத்தில் மலாய் இலக்கியம் எடுத்தவர்களுக்கு ‘ஷாயிர் ஈக்கான் தெருபோக்’ தெரிந்திருக்கலாம். கடலில் வாழும் தெருபுக், நன்னீர்க் குளத்துப் புயு-புயுவின் மேல் ஆசைப்படும் கதை. (புயு என்பது நம் பனையேறி மீன். அது பனைமரம் ஏறியதைப் பார்த்தேன் என்று 1797-இல் லண்டன் ஏட்டில் எழுதிய டால்டோர்ஃப் இருந்ததும் தரங்கம்பாடியில்தான்!) மலாக்கா நீரிணையின் இரு கரையிலும் உப்பிட்ட தெருபுக் சினை நூற்றாண்டுகளாக வியாபாரப் பொருள். சுமத்ராப் பக்கம் சியாக், பெங்காலிஸ் ஊர்களிலிருந்து மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்தது.

என் பாட்டி ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்தவர். சம்பள நாளில் சைக்கிளில் வரும் மீன்காரரிடம் எல்லாரும் வாங்கியது நெத்திலியும் கருவாடும்தான். தீபாவளிக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் தாராளம். “உப்புத் தெருபுக் கொண்டாருவான். வயித்த அமுக்கிப் பாத்து முட்டை உள்ளதாத்தான் எடுப்போம். முட்டை இல்லாதத யாரு வாங்குவா?” என்பார். நான் தெருபுக்கைத் தட்டில் பார்த்ததில்லை. என் மாணவர்களில் பெயர் தெரிந்தவர்கூட இல்லை.

இதன் அறிவியல் பெயர் தெனுவலோசா மக்ரூரா. பத்தாவியாவில் இருந்த டச்சு மருத்துவர் பிளீக்கர் 1852-இல் பதிவு செய்தார். பெயர் வைத்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1990-களில் ஸ்டீபன் பிளேபர் குழுவினர் பெங்காலிஸ் பக்கம் இதன் வாழ்க்கையை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள். அதில் தெரிந்த உண்மை, எல்லாத் தெருபுக்கும் முதலில் ஆண். ஏறத்தாழ ஒரு வயதில் பெண்ணாக மாறுகிறது. ஆயுளே இரண்டு ஆண்டு அளவுதான். அப்படியென்றால் வலையில் வரும் பெரிய மீன் அத்தனையும் பெண். சின்னதை விட்டுப் பெரியதைப் பிடி என்ற நல்ல விதியைக் கண் மூடிப் பின்பற்றினால், ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களைத் துடைத்தெடுப்பதாகும். அதிலும் சினைக்கு ஆசைப்பட்டு, முட்டையிட ஆற்றுமுகத்துக்குக் கூட்டமாக வரும் நேரத்தில்தான் வலை போட்டார்கள். பாட்டி வயிற்றை அமுக்கிப் பார்த்து எடுத்த ஒவ்வொன்றும் அப்படி வந்ததுதான். 1943-இல் மத்திக்குப் போட்ட சட்டமும் இன்றைய வலைக்கண் விதியும் சின்ன மீனைக் காப்பாற்றுபவை. தெருபுக்குக்கோ காப்பாற்ற வேண்டியது பெரிய மீனை. எத்தனை டன் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்திருந்தால் இது தெரிந்திருக்காது. வயிற்றைக் கீறி உள்ளே பார்த்ததால் தெரிந்தது.

இந்தோனேசிய அரசு 2011-இல் தெருபுக்குக்கு வரையறுத்த பாதுகாப்பு கொடுத்தது. எல்லா நாளும் தடை இல்லை. முட்டையிடும் மாதங்களில், பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய சில நாட்களில் மட்டும் பிடிக்கக்கூடாது, ஏனென்றால் இந்த மீன் நிலவைப் பார்த்துத்தான் முட்டையிட வருகிறது. இதை வகுப்பில் சொன்னதும் ஒரு மாணவி, “எங்க வீட்ல அமாவாசைக்கு மீனே சமைக்க மாட்டாங்க டீச்சர்” என்றாள். நல்லது, அந்த இரண்டு நாளாவது தெருபுக்குக்கு நம் வீட்டால் தொல்லை இல்லை.

கட்டுரைகள் திருத்தி முடிந்தன. ‘கெம்போங்’ என்று எழுதியவர்களுக்கும் ‘கானாங்கெளுத்தி’ என்று எழுதியவர்களுக்கும் மதிப்பெண் குறைக்கவில்லை. பையனின் அப்பாவைப் பெற்றோர் சந்திப்பு நாளில் பார்த்தபோது மீனுக்கு நன்றி சொன்னேன். தெருபுக் பேச்சு வந்தது. “சரவாக்லேர்ந்து உப்புப் போட்டது வரும் டீச்சர். எடுத்துட்டு வரட்டுங்களா?” என்றார். சரவாக் தெருபுக் வேறு இனம், தெனுவலோசா தோலி. அதுவும் முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாகும் வகைதான். பாட்டியை நினைத்துக்கொண்டேன். முட்டை இல்லாததாக ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “கிடைக்கும். ஆனா அது சின்னதா இருக்குமே டீச்சர்.”